தென்னங்கள்ளிலிருந்து கிராஃப்ட் சரக்கு: வேலந்தாவளம் பக்கம் வழி இருக்கிறதா?

வேலந்தாவளம் தோப்பு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னை இருக்கிறது. பாதி மரங்களைக் கள்ளுக்கு விட்டிருக்கிறோம். கள்ளு ஷாப்பு எடுத்தவர் மரத்துக்கு இவ்வளவு என்று பணம் தருகிறார். சீவுகிறவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், தோப்பிலேயே தங்கியிருக்கிறார். விடிந்ததும் வண்டி வந்து கள்ளை அளந்து எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடும். மீதி மரங்கள் தேங்காய்க்கு. வெள்ளை ஈ வந்த பிறகு காய்ப்பு பாதிக்கு வந்துவிட்டது, விலையும் ஒரு நிலையில் நிற்பதில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மைத்துனன் போன மாதம் ஒரு ஜின் பாட்டில் கொண்டுவந்தான். எந்த ஊர் எலுமிச்சைத் தோல், என்ன மிளகு, எந்தச் செம்புப் பாத்திரத்தில் வடித்தது என்று லேபிளில் விவரமாக எழுதியிருந்தது. விலையைக் கேட்டு அசந்துபோனேன். அன்றைக்கிருந்தே ஒரு எண்ணம் என்னை விடவில்லை. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது எங்கள் சித்தூர் தாலுகாவிலிருந்துதான். ஆனால் இந்த ஊர்ப் பெயரை எந்த பாட்டிலிலும் பார்த்ததில்லை. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து அரக்கு செய்கிறார்கள், கோவாவில் தென்னை ஃபெனி இருக்கிறது. எங்களிடம் இருப்பதும் அதே கள்தான்.

சின்ன அளவில் வடிக்க உரிமம் கிடைக்குமா? கேரளத்தில் இல்லையென்றால், எல்லை தாண்டி கோயம்புத்தூர் மாவட்டத்தில் எங்கள் பெரியப்பா நிலம் இருக்கிறது, அங்கே முடியுமா? பார்கள் இந்த மாதிரிச் சரக்கை எப்படி வாங்குகின்றன? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற கலால் எழுதியது:

தம்பி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கேரளத்தில் 1996 ஏப்ரல் 1 முதல் அரக்கு கிடையாது. கள்ளை மரத்திலிருந்து இறக்கி, உரிமம் பெற்ற ஷாப்பில் கள்ளாகவே விற்கலாம். அதையே அடுப்பில் ஏற்றி வடித்தால் சட்டத்தின் கண்ணில் அது அரக்கு. அப்காரி (மது) சட்டத்தின் 8-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை, அபராதம் 1 லட்சத்துக்குக் குறையாது. 'சாம்பிளுக்கு ரெண்டு லிட்டர்தானே' என்ற பேச்சே அங்கு எடுபடாது. ஊறல் வைத்திருந்தாலே வழக்குத்தான்.

பெரியப்பா நிலத்தை மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்கே தடை. 2003-இலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்த பிறகு தண்டனையை ஆயுள் சிறை வரைக்கும் உயர்த்தியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். இப்போது இணையத்தில் வீட்டில் வடிக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. கள்ளையோ வெல்லத்தையோ புளிக்க வைத்தால் அதில் மெத்தனால் என்ற விஷம் மிகக் குறைவுதான். ஊரையே சாய்க்கிற சாவுகளுக்குக் காரணம், தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயத்தில் கலப்பது. குடிக்கிற ஆல்கஹாலான எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், மெத்தனால் 65 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. இதைப் படித்துவிட்டு 'முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் போதும்' என்று சிலர் நம்புகிறார்கள். கலந்த மெத்தனால் அப்படி ஒழுங்காகப் பிரிந்து முதலில் வந்துவிடாது. வாசனையிலும் ருசியிலும் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனைக்கூடம் இல்லாமல் வடித்ததை எந்தக் காரணத்துக்காகவும் வாயில் வைக்காதீர்கள். நான் வேலையில் இருந்தபோது கண் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

---

மீனாட்சிபுரம் பார்டெண்டர் எழுதியது:

தோப்புக்காரத் தம்பிக்கு வணக்கம். நானும் நம்ம பக்கம்தான். 2014-இல் கேரளத்தில் ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே இருந்த பார்களை மூடியபோது வேலை போய் கோவா போனேன். 2017-இல் மறுபடி திறந்த பிறகும் சில வருஷம் அங்கேயே இருந்துவிட்டு, இப்போது கொச்சியில் ஒரு ஹோட்டல் பாரைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கேள்வி எனக்கும் வெகுநாளாக உள்ளே கிடக்கிற கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோவாவில் முந்திரி ஃபெனி எப்படி மேலே வந்தது என்று பாருங்கள். முந்திரிப் பழத்தை மிதித்துப் பிழிந்த சாற்றைப் புளிக்கவிட்டு முதல் தடவை வடித்தால் ஊராக். அது மென்மையானது, கோடையில் அப்போதைக்கப்போது குடித்துத் தீர்ப்பது. மறுபடி வடித்தால் ஃபெனி, ஏறக்குறைய 42 சதவீதத்துக்குப் போகும். ஒரு காலத்தில் அது ஏழை வீட்டுச் சரக்கு. 2009-இல் புவிசார் குறியீடு வாங்கினார்கள், 2016-இல் மாநில அரசே அதைப் பாரம்பரியப் பானம் என்று அறிவித்தது. வடிக்கிற குடும்பங்களிடம் உரிமம் ஏற்கெனவே தலைமுறையாக இருந்தது. பெயரும் மரியாதையும் அதற்கு மேல் வந்து உட்கார்ந்தன. நமக்கு அந்த அடித்தளமே இல்லை, 1996-இல் எடுத்துவிட்டார்கள். கோவாவை அப்படியே நகலெடுக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தென்னை ஃபெனியைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தெற்குக் கோவாவில் அதுதான் பழையது. முந்திரி போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம், தென்னை அதற்கு முன்பே அங்கே இருந்தது. ஆனால் குறியீடு முந்திரிக்குத்தான் கிடைத்தது. தென்னை ஃபெனி வருஷா வருஷம் குறைகிறது, காரணம் மரம் ஏற ஆள் இல்லை. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கணக்கு. நல்ல கள்ளில் 6 சதவீதம் ஆல்கஹால் என்று வையுங்கள். 100 லிட்டரில் சுத்த ஆல்கஹால் 6 லிட்டர். கடையில் விற்கிற 42.8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அதிகபட்சம் 14 லிட்டர். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கினால் 11, 12 லிட்டர் மிஞ்சும். அதாவது 100 லிட்டர் கள்ளுக்குப் பதினைந்து பதினாறு பாட்டில். ஷாப்புக்காரர் அந்த 100 லிட்டருக்கு என்ன தருகிறார் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு மேல் விறகு, பாட்டில், வரி. குடிக்கிற மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே போடும். கேரளத்தில் விற்றால் அரசு மதுக் கழகமான பெவ்கோ வழியாக, தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியாக, கர்நாடகத்தில் வேறு முறை. ஒவ்வொரு எல்லையிலும் லேபிள் பதிவு புதிதாக, கட்டணம் புதிதாக. சின்ன ஆள் தளர்ந்துபோவது இந்த இடத்தில்தான். சரக்கின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஏன் ஜின்னில் ஆரம்பித்தார்கள் என்பதும் இதில்தான் விளங்கும். கிரேட்டர் தேன் என்ற ஜின் 2017-இல் வந்தது, அடுத்த வருஷமே ஹபுசாவும் ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸும். தானியத்திலோ கரும்புப் பாகிலோ ஆலையில் வடித்த 96 சதவீத நியூட்ரல் ஸ்பிரிட்டை வாங்கி, ஜூனிபர், கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுச் செம்பு வாலையில், அதாவது வடிக்கிற பாத்திரத்தில், மறுபடி வடிப்பார்கள். இன்று வடித்ததைச் சில வாரத்தில் பாட்டிலில் அடைத்து விற்கலாம். விஸ்கியென்றால் மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகத் தூங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரு அம்ருத் விஸ்கி ஆலையில் அது 10 சதவீதத்துக்கு மேல். நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் எவ்வளவு போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மலையாளிகள் சிலர் கனடாவில் நம்ம நாட்டு வாற்று (நாட்டுச் சாராயம்) மாதிரி 'மந்தாகினி' என்று ஒன்றை 2021-இல் கொண்டுவந்தார்கள், ஒண்டாரியோவில் ஒரு சின்ன டிஸ்டிலரியில் வடித்து. மலபாரி வாற்று என்று லேபிளிலேயே போட்டிருக்கிறார்கள். இங்கே வடித்தால் ஜெயில், அங்கே அது பெருமைக்குரிய சரக்கு. எனக்கு அதில் சந்தோஷமும் உண்டு, வருத்தமும் உண்டு.

சரி, என் கருத்து இதுதான். வாலையின் பக்கம் நமக்கு இப்போது இடம் இல்லை, ஆனால் கிளாஸில் இருக்கிறது. பார் வேலை மாறிவிட்டது. நான் சேர்ந்தபோது சிரப் என்றால் கம்பெனி பாட்டில், ஜூஸ் என்றால் அட்டைப்பெட்டி. இன்றைக்கு நல்ல பார் ஒவ்வொன்றும் தன் சிரப்பைத் தானே காய்ச்சுகிறது, தன் புளிப்பைத் தானே செய்கிறது, எந்த ஊர்ச் சரக்கு என்று மெனுவில் எழுதுகிறது. அதற்கு வேண்டிய பொருளை அனுப்ப ஆள் தேடி நாங்கள் அலைகிறோம். தென்னம்பாகு, தென்னை வினிகர், நல்ல தேங்காயெண்ணெய், இந்த மூன்றையும் ஒரே தோப்பிலிருந்து தோப்பின் பெயரோடு கொடுக்க ஆள் இருந்தால் நான் நாளைக்கே வாங்குவேன்.

---

நகரிக்காரன் எழுதியது:

ஆந்திரா பக்கத்திலிருந்து ஒரு தகவல். எங்கள் சித்தூர் (உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை) மாவட்டத்தில் உரிமத்தோடு ஒரு சின்ன டிஸ்டிலரி நடந்திருக்கிறது. டெஸ்மண்ட் நசரேத் என்பவர் ஆனைக்கத்தாழையை வைத்துத் தொடங்கியது. சரக்கு முதலில் 2011-இல் கோவாவில் விற்பனைக்கு வந்தது. டெக்கீலா என்ற பெயர் மெக்ஸிகோவுக்கே உரியது, அதனால் கத்தாழை ஸ்பிரிட் என்று போட்டுத்தான் விற்க முடியும். பின்னாளில் அவர்களே இலுப்பைப்பூ இனத்து மஹுவாவிலும் ஒன்று கொண்டுவந்தார்கள்.

நாங்கள் கத்தாழையை வேலிக்குத்தான் வைப்போம். மாடு வராது, தண்ணீர் கேட்காது. அதில் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் பக்கம் சிலருக்கு ஆசை வந்தது. நான் அவர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். அந்தச் செடி முற்ற 8, 10 வருஷம் ஆகும். நடுவிலிருந்து பூத்தண்டு எழும்புவதற்கு முன்னால் வெட்ட வேண்டும், எழுந்துவிட்டால் சர்க்கரையெல்லாம் தண்டுக்குப் போய்விடும். இலையைச் சீவி நடுக்கிழங்கை எடுத்து, மணிக்கணக்காக வேகவைத்தால்தான் அதில் இருக்கிற மாவு மாதிரிச் சத்து சர்க்கரையாகும். பச்சைச் சாறு உடம்பில் பட்டால் அரிப்பு தாங்க முடியாது. இவ்வளவுக்கும் வாங்குகிற ஆள் ஒருவர், இருவர்தான். அவர் வேண்டாம் என்றால் 10 வருஷச் செடி மறுபடி வேலிதான்.

அரசாங்கக் கொள்கையும் அப்படித்தான். 2019-இல் இங்கே மதுக்கடைகள் அரசு கைக்குப் போயின, 2024-இல் மறுபடி தனியாருக்கு வந்தன. ஒரு கத்தாழை முற்றுவதற்குள் விதிகள் ரெண்டு தடவை மாறிவிடும். உங்களிடம் இருப்பது தினம் பால் தருகிற மரம். அதை நம்பி எது செய்தாலும் தினசரி பணம் வருகிற மாதிரி செய்யுங்கள்.

---

வேலந்தாவளம் தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கலால் ஐயா சொன்னதைப் படித்ததும் அப்பாவிடம் காட்டினேன். 'நான் சொன்னால் கேட்க மாட்டாய்' என்றார். வடிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

பார்டெண்டர் அண்ணா, ஒரு விஷயம் மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை. பாகும் வினிகரும் எண்ணெயும் விற்றால் பணம் வரலாம். ஆனால் நான் கேட்டது சீவுகிறவரையும் சேர்த்துத்தான். எங்கள் தோப்பில் சீவுகிறவர் காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளையைத் தட்டிப் பதம் பார்த்து மெல்லிசாகச் சீவுவார். எந்தப் பாளை எப்போது ஊறும் என்பது அவர் கைக்குத் தெரியும். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். கள்ளை உயர்ந்த சரக்காக ஆக்கினால் இந்த வேலைக்கு மரியாதை வரும் என்று நினைத்தேன். சிரப் பாட்டிலில் அது வருமா?

தண்ணீரும் ஒரு கவலை. பிளாச்சிமடை எங்கள் பக்கம்தான். அங்கிருந்த கோகோ கோலா குளிர்பான ஆலை 2004-இல் நின்றது, கிணறுகளைப் பற்றிய பேச்சு இன்னும் நிற்கவில்லை. எலப்புள்ளியில் வரவிருந்த மது ஆலைக்கு 2025-இல் அனுமதி கொடுத்தபோதும் முதல் கேள்வி தண்ணீர்தான். நான் எது தொடங்கினாலும் பஞ்சாயத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

---

முதலமடை அக்கா எழுதியது:

தம்பி, நான் முதலமடையில் மாம்பழக்கூழும் வினிகரும் செய்கிறேன், ஐந்தாறு பெண்கள் சேர்ந்து. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

பாகுக்கு வேண்டியது தெளுவு, அதாவது புளிக்காத பாளைச் சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பழைய வழி. இப்போது காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஐஸ் வைத்த ஒரு பெட்டியைப் பாளையில் மாட்டுகிற முறையைக் கொண்டுவந்திருக்கிறது. மரத்திலேயே குளிர்ந்து இறங்கும், சுண்ணாம்பு வேண்டாம், கல்பரசா என்று பெயர். இறக்கியதும் 4 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் புளிக்க ஆரம்பிக்கும். புளித்தால் அது கள், அப்புறம் ஐயா சொன்ன சட்டம் வந்துவிடும். கேரளத்தில் நீரா (இந்தத் தெளுவுதான்) உரிமத்தைத் தனி ஆளுக்குக் கொடுக்கவில்லை, தென்னை உற்பத்தியாளர் கூட்டமைப்புகளுக்கும் கம்பெனிகளுக்கும்தான் கொடுத்தார்கள். அதனால் நீங்கள் முதலில் ஒரு சங்கத்தில் சேர வேண்டும். ஷாப்புக்குக் கொடுத்திருக்கிற மரங்களில் கை வைக்காதீர்கள், காய்க்கு விட்ட மரங்களில் செய்யுங்கள்.

வினிகருக்குக் கள் தேவையே இல்லை. கொப்பரை போடுகிற இடத்தில் தேங்காய்த் தண்ணீர் வீணாக ஓடுகிறதே, அது போதும். அதில் சர்க்கரை குறைவு, கொஞ்சம் சேர்த்து 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்து ஈஸ்ட் விட்டால் ஒரு வாரத்தில் புளிக்கும். பிறகு தாய் வினிகரை (ஏற்கெனவே புளித்த பழைய வினிகரை) ஊற்றிக் காற்றுப்பட வைக்க வேண்டும். புளித்து வினிகராகிற முறைக்கு உணவுப் பாதுகாப்பு விதியில் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும். ஆலுவாவுக்குப் பக்கத்தில் வாழக்குளத்தில் தென்னை வளர்ச்சி வாரியத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, செய்தே காட்டுவார்கள். தொடங்குவதற்கு முன் கலால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்கஹாலே வேண்டும் என்றால், கேரளத்தில் 2022-இல் பழ ஒயினுக்குச் சிறு உரிம விதி வந்தது. வேளாண் பல்கலைக்கழகமே 'நிளா' என்ற பெயரில் வாழை, அன்னாசி, முந்திரிப்பழ ஒயின் செய்திருக்கிறது. எங்கள் மாம்பழத்துக்கு அந்த வழியை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வடிப்பது அதில் வராது, புளிக்க வைப்பது மட்டும்தான். தண்ணீரும் அவ்வளவு கேட்காது. வாலை வைத்தால் ஆவியைக் குளிர்விக்கவே நாள் முழுக்கத் தண்ணீர் ஓட வேண்டும்.

---

மீனாட்சிபுரம் பார்டெண்டர் எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி. தம்பியின் கேள்விக்கு வருகிறேன். தென்னை ஃபெனி விஷயத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா, இதற்காகத்தான்.

கோவாவில் நல்ல தென்னை ஃபெனி வடிக்கிற ஒருவரிடம் நான் அடிக்கடி போவேன். வாலை இருந்தது, உரிமம் இருந்தது, வாங்க பார்களும் இருந்தன. கள் இறக்க ஆள் இல்லாமல் வாரத்தில் பாதி நாள் அடுப்பு எரியவில்லை. சரக்கு உயர்ந்த விலைக்குப் போனபோதும் அந்தப் பணம் மரத்தின் மேலே ஏறவில்லை, கீழேயே நின்றுவிட்டது. இலங்கையில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கயிறு கட்டி மேலேயே நடந்து சீவுகிறார்கள், படம் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை வைத்து அரக்கை உலகம் முழுக்க விற்கிறார்கள். ஆனால் படத்தில் இருக்கிறவருக்கு என்ன கூலி என்பதை எந்த லேபிளும் சொல்லாது. ஆகவே வடித்தால் மரியாதை வரும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீவுகிறவருக்கு மாதச் சம்பளம், காப்பீடு, ஏறுகிற மரத்துக்கு ஒரு வரம்பு, விற்பனையில் பங்கு. இவற்றை வைத்தால் பாகு பாட்டிலிலும் மரியாதை வரும். அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் லேபிளில் போடுங்கள். நான் மெனுவில் போடுகிறேன், என் மேலாளரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

பாகு அனுப்பும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். சர்க்கரை அடர்த்தியைக் காட்டுகிற பிரிக்ஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், 65-க்கு மேல் வைத்தால் கெடாமல் நிற்கும். அடி பிடித்த வாசனை வந்துவிட்டால் ரம்முக்குப் போடலாம், ஜின்னுக்குப் போட முடியாது.

எண்ணெயைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. தேங்காயெண்ணெயை ரம்மிலோ ஜின்னிலோ கலந்து சில மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு ஃப்ரீசரில் வைப்போம். எண்ணெய் மேலே கட்டியாக உறைந்துவிடும், துளை போட்டுக் கீழே இருக்கிற சரக்கைத் துணியில் வடிகட்டுவோம். எண்ணெய் போய்விடும், வாசனையும் வழவழப்பும் தங்கிவிடும். இதற்குக் கந்தகப் புகை போட்ட கொப்பரை எண்ணெய் உதவவே உதவாது, அந்த நாற்றம் சரக்கில் அப்படியே ஏறும். வெயிலில் உலர்த்திய கொப்பரையில் ஆட்டியது வேண்டும். அதற்குக் கலால் சிக்கல் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் இதில் தொடங்குங்கள்.

---

வேலந்தாவளம் தோப்பு எழுதியது:

அண்ணா, வெயில் கொப்பரை இப்போதே இருக்கிறது, வீட்டுக்கு ஆட்டுவது அதில்தான். கொழிஞ்சாம்பாறைச் செக்கில் ஆட்டி அரை லிட்டர் அனுப்புகிறேன். சீவுகிறவரிடம் சம்பளக் கணக்கைப் பேசினேன். 'தெளுவு என்றால் ராத்திரியும் ஐஸ் மாற்ற ஏறணும், அதுக்குத் தனியா போடணும்' என்றார். அதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலமடை அக்கா, வாழக்குளம் பயிற்சிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா, இல்லை நிலத்துக்காரர் மட்டும்தான் சேர முடியுமா?

---

முதலமடை அக்கா எழுதியது:

யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் தம்பி. போவதற்கு முன் வாரியத்தில் கேட்டுத் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், ஐஸ் பெட்டியை மாட்டப்போவது அவர்தான்.